எண்ணும் பொறுப்பு யாருடையது?

கனடாவின் கூட்டாட்சிச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பூர்வகுடி மக்கள். நாட்டின் மக்கள்தொகையிலோ அவர்கள் 5 விழுக்காட்டினர்தான். இந்த நிலையில் பூர்வகுடி நீதி குறித்த கொள்கை ஆய்வுக்கு அரசு மேலும் நிதி ஒதுக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், "ஆராய்ந்தது போதாதா?" என்ற சலிப்பே பதிலாக வருகிறது. காணாமற்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்கள், சிறுமியர் குறித்து 2019இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கையின் 231 பரிந்துரைகளில் ('நீதிக்கான அழைப்புகள்') பெரும்பாலானவை இன்னும் காத்துக் கிடக்கையில் அந்தச் சலிப்பைக் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் நிதி வேண்டும் என்றே கருதுகிறேன். அது யார் கைக்குப் போகிறது, யார் நினைத்தால் நின்றுவிடும் என்பதே என் கவலை.

கனடாவின் பூர்வகுடிப் பெண்கள் சங்கம் 2005இல் அரசு வழங்கிய 50 லட்சம் டொலர் நிதியைக் கொண்டு, காணாமற்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய தரவுத்தளம் ஒன்றை 'சிஸ்டர்ஸ் இன் ஸ்பிரிட்' என்ற பெயரில் உருவாக்கியது. குடும்பத்தாரின் வாக்குமூலங்கள், நாளேடுகள், நீதிமன்றப் பதிவுகள் எனத் தேடித் தொகுத்ததில், 2010 மார்ச்சுக்குள் 582 பேரின் விவரம் சேர்ந்தது. அதே ஆண்டில் அரசு ஒரு கோடி டொலரை அறிவித்தது. அதில் கணிசமான பங்கு காவல்துறை சார்ந்த பணிகளுக்குப் போயிற்று, தரவுத்தளத்துக்கு ஒன்றும் வரவில்லை. தொகை கூடியது, ஆய்வு நின்றது.

2014இல் கூட்டாட்சிக் காவல்துறை தன் கோப்புகளைத் துழாவி 1,181 பேர் என்று அறிவித்தது. சங்கத்தின் கணக்கைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், காவல்துறைக்கு மட்டுமே எட்டக்கூடிய ஆவணங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கொலை வழக்குகளில் ஏறத்தாழ பாதி துலங்கவில்லை என்று சங்கம் சொல்லியிருக்க, 88 விழுக்காடு துலங்கிவிட்டன என்றது காவல்துறை. தன் புலனாய்வின் தரத்தைத் தானே அளந்து தானே மதிப்பெண் இடும் ஏற்பாட்டை வேறெந்தத் துறையில் நாம் ஏற்போம்? இரு கணக்குகளும் தொடர்ந்து பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால், எது எங்கே வேறுபடுகிறது என்றாவது ஆராய்ந்திருக்கலாம்.

சட்டச் சீர்திருத்தம் குறித்து ஆராய்ந்து ஆலோசனை சொல்லும் தன்னாட்சி அமைப்பான கனடிய சட்ட ஆணையத்தின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. 1997இல் இயங்கத் தொடங்கிய அதன் நிதியை 2006இல் அரசு நிறுத்தியது. அதை நிறுவிய சட்டம் நீக்கப்படாமலே இருக்க, 2023 வரை ஆணையம் ஏட்டில் மட்டும் வாழ்ந்தது.

தங்களைப் பற்றிய தரவுகளின் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் ஆகிய நான்கும் தங்களிடமே இருக்க வேண்டும் என்று பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான முதற்குடிகள் (First Nations) 1998 முதல் கோரி வருகிறார்கள். ஆய்வு நிதியின் முதல் நிபந்தனையாக அதையே வைக்கலாம். ஒரு தேர்தல் சுழற்சியைத் தாண்டும் காலத்துக்கு அந்த நிதி சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும். அரசு கணக்குத் தணிக்கையைக் கேட்கட்டும், ஆய்வின் தலைப்பையும் முடிவையும் அல்ல. அறிக்கை கிடைத்த குறிப்பிட்ட மாதங்களுக்குள் அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதில் தர வேண்டும் என்ற கட்டாயமும் அதே சட்டத்தில் இடம்பெற வேண்டும்.