லயத்து ஆள் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

மூணாறு, பீர்மேடு பக்கம் எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, சட்டசபையில் எழுந்து வீடு, பள்ளிப் பரீட்சை, தொழில் கடன் என்று தனித்தனியாகக் கேட்டால் மூன்று மந்திரிகள் மூன்று பதில் படிப்பார்கள், அதோடு முடிந்தது. என்னைக் கேட்டால் மூன்றும் ஒன்றுதான். தோட்டத் தொழிலாளி பேரில் ஒரு துண்டு நிலம் கிடையாது, பட்டயம், அதாவது நிலப் பட்டா, கிடையாது. முதலில் அதைக் கேளுங்கள்.

லயம் என்றால் எஸ்டேட் கொடுக்கிற வரிசை வீடு: ஒரு ரூம், ஒரு அடுக்களை, காற்றில் தகரம் பறக்காமல் இருக்க மேலே கல். அதுவும் வேலை இருக்கும்வரைதான். ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஒருத்தர் அதே எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும். படித்த பிள்ளையையும் கொழுந்துக் காட்டுக்கு இழுப்பது சம்பளம் இல்லை, இந்த ஒற்றை ரூம்தான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் இறங்கி லயத்தோடு 70 பேர் போனார்கள். தப்பித்த குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் 8 வீடு கட்டிக் கொடுத்தார்கள், நல்லது. மற்ற லயமெல்லாம்? கேரள அரசின் வீட்டுத் திட்டம் லைஃப் மிஷனில் வீட்டுக்கு 4 லட்சம் என்கிறார்கள், அதைக் கட்ட நிலம் எங்கே?

பரீட்சை விஷயத்தில் பலர் என்னோடு சண்டைக்கு வரலாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் 50 மார்க் பாடத்துக்கு ஸ்கூலில் போடுகிற 10 மார்க் முழுசாகக் கிடைத்தால், எழுத்தில் 40க்கு 5 எடுத்தாலே பாஸ் என்பதுதான் கணக்கு. இப்போது எழுத்தில் மட்டும் 30 சதவீதம், அதாவது 12 வேண்டும் என்கிறார்கள். 2024-25இல் 8ஆம் வகுப்பில் தொடங்கினார்கள், 2026-27இல் எஸ்.எஸ்.எல்.சி.க்கு. நான் எதிர்க்கவில்லை, சும்மா தள்ளிவிட்டதில் நஷ்டம் நம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் மார்க் குறைந்தவர்களுக்குத் தனி வகுப்பு என்கிறார்களே, சொந்த நிலம் இல்லாமல் எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லயத்தில் இருந்துகொண்டு ஜீப்பில் வரும் பிள்ளை சாயங்காலம் தங்கிப் படித்தால், யானை நிற்கிற ரோட்டில் திருப்பிக் கொண்டுபோய் விடுவது யார்? தமிழ் மீடியம் பள்ளியில் வாத்தியார் இடம் காலியாகக் கிடந்தால் அந்த 12 மார்க்கைப் பிள்ளை எங்கிருந்து எடுக்கும்?

கடன் கதை என்னுடையது. சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. டீக்கடை போட ஒரு பேங்குக்குப் போனேன், எந்த பேங்க் என்று வேண்டாம். படிவத்தில் குடியிருப்பு சொந்தமா, வாடகையா என்று இரண்டே கட்டம். லயம் இரண்டும் இல்லை. அந்த மேடம் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில், கரம், அதாவது நிலவரி, கட்டின ரசீது வைத்திருக்கிற யாராவது ஜாமீன் நிற்பார்களா என்றார். லயத்தில் யாரிடம் கரம் ரசீது இருக்கும்! அப்புறம் வேறென்ன, வாராவாரம் வசூலுக்கு வருகிறவர்களிடம்தான் வாங்கினேன், வட்டியைச் சொன்னால் திட்டுவீர்கள். பேங்க் எல்லாம் மத்திய அரசு கையில் என்று மாநிலம் நழுவவும் முடியாது. 2019இல் வந்த கேரளா பேங்க் கூட்டுறவு பேங்க்தானே, லயத்து முகவரியையும் ஒரு முகவரியாக ஏற்றுக்கொள்ள அங்கேயாவது வழி செய்யலாமே.

2015இல் எங்கள் அம்மாமார் யூனியன்காரர்களை ஓரம் கட்டிவிட்டு ரோட்டில் உட்கார்ந்துதான் 232 ரூபாய் நாள் கூலி 301 ஆனது. பட்டயத்துக்கும் அவர்களே திரும்ப உட்கார வேண்டும் என்றால் எம்.எல்.ஏ. எதற்கு? அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்கள் பட்டயம் தருகிற தேதியோடு வரட்டும். குட்டியார்வேலி வீட்டு ஃபோட்டோவைக் காட்ட வேண்டாம், பார்த்தாச்சு.