டெராஃப்ளாப் கணக்கு போதும், டிஸ்க் போட இடம் இருக்குமா என்று சொல்லுங்கள்

சோனியின் அடுத்த கேம் கன்சோலான பிளேஸ்டேஷனில் ரேம் எவ்வளவு, மைக்ரோசாஃப்டின் அடுத்த எக்ஸ்பாக்ஸ் பாதி கம்ப்யூட்டராகவே வருமா, கூடவே கையடக்க மாடலும் உண்டா? ரொம்ப நாளாக எந்த குரூப்பைத் திறந்தாலும் இதே பேச்சு. யாரோ ஒருவர் கட்டம் கட்டமாக ஒரு படத்தைப் போட்டு இதுதான் சிப் என்கிறார். அரை மணி நேரத்தில் ஆதரவாக ஒரு கூட்டம், எதிராக ஒரு கூட்டம். ஓரியன், மேக்னஸ் என்று ரகசியப் பெயர்கள் வேறு. எந்தக் கம்பெனியும் வாயைத் திறந்து சொல்லாத எண்களுக்காக நட்பையே முறித்துக்கொள்கிறார்கள்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை ஊகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டிய கேள்வி மட்டும் இல்லை. அதில் டிஸ்க் போட இடம் இருக்குமா? இருந்தால், நெட் இல்லாத வீட்டிலும் அது ஓடுமா? யாராவது கேட்டுவிட்டால், ‘இன்னுமா ப்ரோ டிஸ்க் வாங்குறீங்க?’ என்று ஒரு சிரிப்புப் படம் வந்து விழுகிறது.

ஆமாம், இன்னும் டிஸ்க்தான் வாங்குகிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பெரிய கேம் என்றால் இன்றைக்கு 100 ஜிபி சாதாரணம். எங்கள் ஊருக்கு ஃபைபர் வரவில்லை. மெயின் ரோட்டுக் கம்பம் வரை வந்தது. அதற்கு மேல் தோட்டத்தைத் தாண்டி நாலு வீட்டுக்காக ஒயர் இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆக, போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜ். வீட்டில் வேறு யாரும் ஒரு வீடியோகூடப் பார்க்காமல் மொத்தத்தையும் கன்சோலுக்கே கொடுத்தாலும் 100 ஜிபி இறங்க 50 நாள் ஆகும். அன்லிமிடெட் 5ஜி இருக்கிறதே என்பார்கள். அது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வருகிறது. என் வீட்டுக்கும் டவருக்கும் நடுவே ஒரு முழு மேடு நிற்கிறது. 4ஜியே ஜன்னலோரம் போனை வைத்தால்தான் கிடைக்கும்.

சரி, ஊட்டி டவுனுக்குள் ஃபைபர் போட்டிருப்பவர் கதையைப் பார்ப்போம். நிஜமாகவே 20 எம்பிபிஎஸ் வேகம் நின்று வந்தால் 100 ஜிபிக்குப் பதினொரு மணி நேரம். அந்தப் பதினொரு மணி நேரமும் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் இந்த மலையில் அது நடக்கிற காரியமா? ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் போதும், லைன் போச்சு. லைன்மேன்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். கொட்டுகிற மழையில் கம்பம் ஏறுகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் 1930களிலேயே பைக்காராவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்த மலை இது. குந்தாவிலிருந்து இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மலையில் உட்கார்ந்துகொண்டு ஒரு டவுன்லோட் முடிவதற்குள் எத்தனை தடவை விளக்கு அணையும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சமவெளியில் இருப்பவர்களுக்குத் தெரியுமா? முதலில் கன்சோலின் ஃபேன் இழுத்துக்கொண்டு அடங்கும். அப்புறம் கரண்ட் ஒரே தடவையாக வராது. முதலில் பாதி வோல்டேஜ், டியூப்லைட்டின் இரண்டு முனையும் சிவந்து நிற்கும், எரியாது. ஸ்டெபிலைசர் டக் டக்கென்று இரண்டு தடவை அடித்துவிட்டு விட்டுவிடும். கடைசியில் ஒழுங்காக வந்து கன்சோலைப் போட்டால், சரியாக அணைக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கை. ஸ்டோரேஜைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு கோடு மெதுவாக நகரும். அந்தக் கோடு முடிவதற்குள் மறுபடி கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அதற்குள் கேம் போய்ச் சேர்ந்தால்தானே அந்த வேகத்துக்கு வேலை?

டிஸ்க் இருந்தால் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. போட்டால் அரை மணி, முக்கால் மணியில் ஏறிவிடும். பிழை திருத்தும் பேட்சை நெட்டில் இறக்க வேண்டும்தான். டிஸ்க்கில் முழு கேம் இல்லாமல் விற்கிற அநியாயமும் நடக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் சில ஜிபி பேட்சை நாலைந்து ராத்திரியில் இறக்கிக்கொள்ளலாம். முழு 100 ஜிபியை இறக்குவது வேறு விஷயம்.

காசுக் கணக்கும் இருக்கிறது. புது கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்கிற வீட்டில் அதைச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்றால், மஞ்சூரில் ஒரு அண்ணன் புதுசாக வாங்குவார். முடித்ததும் குன்னூர் வருகிற தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுவார். அங்கிருந்து என்னிடம் வரும். என்னிடமிருந்து கூடலூருக்குப் போகும். ஒரு டப்பாவின் உள்பக்கத் தாளில் பால்பாயிண்ட் பேனாவில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். முடித்தவர் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவர் பெயரை எழுதி அனுப்புவார். ஈரத்தில் தாளின் ஓரம் பூசணம் பிடித்துக் கறுத்திருக்கும். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து உள்ளே தள்ளினால், ஆறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்கு ஓடிய மாதிரியே ஓடும். ஒருத்தர் காசில் ஆறு வீட்டுப் பிள்ளைகள் விளையாடினார்கள். கடைசியில் குன்னூரில் பழைய டிஸ்க் எடுக்கிற கடையில் கொடுத்தால் இன்னொன்று வாங்க ஆயிரமாவது தேறும். டவுன்லோட் செய்த கேமை யாருக்குக் கொடுப்பது? எங்கே விற்பது?

இதைப் புரிந்துகொள்ளாத கம்பெனி என்றால்கூடப் பரவாயில்லை. 2013 ஜூனில் என்ன நடந்தது? எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை நெட்டில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்கை இரவல் கொடுக்க ஆயிரம் நிபந்தனை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. உலகமே கொதித்தது. அப்போது சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது. பிளேஸ்டேஷன் 4 கேமை இன்னொருவரோடு பகிர்வது எப்படி என்று அதில் விளக்கம். சோனியின் கேம் ஸ்டுடியோக்களுக்கு அப்போது தலைவராக இருந்த ஷுஹெய் யோஷிதா டப்பாவை எடுத்துப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்கிறார், முடிந்தது. அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் தன் திட்டத்தைக் கைவிட்டது. ஜனங்கள் கேட்டார்கள், கிடைத்தது.

அதே சோனி 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை 699 டாலருக்கு டிஸ்க் டிரைவே இல்லாமல் விற்றது. டிரைவ் வேண்டுமென்றால் தனியாகக் காசு. அதே வருடம் மைக்ரோசாஃப்டும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸுக்கு டிஸ்க் இல்லாத மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் சில கேம்களின் கார்டில் கேமே இல்லை. கார்டைச் செருகினால் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், கார்டு வெறும் சாவி. ஒவ்வொருவராக டிஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். அப்போது கொதித்த அதே கூட்டம் இப்போது சிப்பின் படத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறது.

‘டிரைவைத் தனியா வாங்கி மாட்டிக்கலாமே’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2023 இறுதியில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இன் கழற்றி மாட்டுகிற டிரைவ், முதல் தடவை மாட்டும்போது நெட்டில் பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் ஓடாது. நெட் இல்லாதவர்களுக்காகத்தானே டிஸ்க்? அதை ஓட்டவே நெட் கேட்டால் என்ன நியாயம்? அடுத்த கன்சோலிலும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகம் எழுதுகிறவர்கள் ஒரு வரியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரேம் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். கோபம் இல்லை, கேள்வி இல்லை. அந்த ஒரு வரியில் எங்கள் ஊர் மொத்தமும் அடிபட்டுப் போகிறது.

அந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வெளியானபோது இந்தியாவுக்கு வரவே இல்லை. வைஃபை 7-க்கான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதுதான் சோனி சொன்ன காரணம். வெளியாவதற்கு முன்னால் மாதக்கணக்கில் அதன் டெராஃப்ளாப்பை, அதாவது சிப் கணக்குப் போடும் வேகத்தை, நம் ஊரில் அலசினார்களே, ஒருத்தராவது அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்களா?

ஊகங்களின் லட்சணமும் நமக்குத் தெரியாததா? 2021-இல் 4கே ஓடும் ஸ்விட்ச் ப்ரோ வருகிறது என்று பெரிய பத்திரிகைகளே எழுதின. வந்தது ஓஎல்இடி திரை மாட்டிய அதே ஸ்விட்ச். 2020-இல் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸின் 12 டெராஃப்ளாப்பா, பிளேஸ்டேஷன் 5-இன் 10.28 டெராஃப்ளாப்பா என்று அடித்துக்கொண்டார்கள். இரண்டிலும் ஓடுகிற ஒரே கேமைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை 2025 முடியும்வரை அதிகாரபூர்வமாக வந்தது ரொம்பக் கொஞ்சம். 2025 ஜூனில் மைக்ரோசாஃப்டும் சிப் செய்யும் ஏஎம்டியும் கூட்டு அறிவித்தன. அக்டோபரில் பிளேஸ்டேஷனை வடிவமைக்கும் மார்க் செர்னி ஏஎம்டிக்காரருடன் உட்கார்ந்து ஒளிக்கதிர்க் கணக்குக்குத் தனி வன்பொருள், புது விதமான டேட்டா சுருக்கம் என்று பேசினார். இன்னும் சில வருடங்களில் ஒரு கன்சோலில் வரும் என்றார். விலை சொல்லவில்லை, தேதி சொல்லவில்லை, டிரைவைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தச் சில நிமிடங்களை வைத்து எத்தனை மணி நேர வீடியோ!

இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள் செய்கிற உபத்திரவம் தனி. கோயம்புத்தூரில் இருக்கும் மச்சான் ஒருத்தர், நான் கன்சோல் மாற்றலாம் என்று வாயெடுக்கும் ஒவ்வொரு தடவையும், ‘மாப்ளே, இப்ப வாங்காதீங்க, பிளேஸ்டேஷன் ஆறு வந்துரும், பொறுங்க, இது விலை எறங்கிரும்’ என்பார். எங்கே இறங்கியது? 2021 பிப்ரவரியில் இங்கே 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, அடுத்த வருடக் கடைசியில் 54,990 ஆனது. அமெரிக்காவிலேயே 499 டாலருக்கு வந்தது 2025-இல் 549 ஆனது. பழைய காலத்தில் கன்சோல் வயசாக ஆக விலை குறையும். இப்போது ஏறுகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. அந்த நிலையில் அடுத்ததில் இத்தனை ஜிபி ரேம் என்று குதிக்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்கப் போவது யார்? ரேமுக்குச் செலவாகிறது என்று டிரைவைத்தான் முதலில் கழற்றுவார்கள். எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருக்கிறது.

சூடு பற்றிப் பேசுகிறவர்கள்கூட மலையை நினைப்பதில்லை. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் ஃபேன் அதிகம் உழைக்க வேண்டும். குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது, சரி. ஆனால் தையில் உறைபனி விழுகிற காலையில் அறையே பிரிட்ஜ் மாதிரி இருக்கும்போது, மழைக்காலத்தில் சுவரே வேர்த்து வழியும்போது, உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் என்ன செய்வது? வாட் கணக்கு போடுகிற நிபுணர்கள் இதற்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமே.

எல்லாவற்றையும்விட என்னை வதைப்பது அலமாரியில் இருக்கிற டிஸ்க்குகள். பிளேஸ்டேஷன் 4 காலத்தில் வாங்கியவையும் அதில் இருக்கின்றன. டிரைவ் இருப்பதால்தான் அவை 5-இலும் ஓடுகின்றன. அடுத்தது பழைய கேம்களையெல்லாம் ஓட்டும் என்று ஊகக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். டிரைவ் இல்லாவிட்டால் எதை ஓட்டும்? நான் காசு கொடுத்து வாங்கியதை மறுபடியும் கடையில் காசு கொடுத்து, மறுபடியும் 50 நாள் இறக்க வேண்டும். என் அண்ணன் பையன் அடுத்த வருடம் பெரிய கேம்கள் விளையாடுகிற வயசுக்கு வருகிறான். அவனுக்குக் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு போட்டு வைத்திருக்கிறேன்.

சேனல் நடத்துகிறவர்களே, லீக் போடுகிறவர்களே, உங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறார் என்கிறீர்கள். அவரிடம் இதைக் கேளுங்கள். டிரைவ் பெட்டியோடு வருமா, தனிக் காசா? நெட்டில் பதிவு செய்யாமல் முதல் நாளே ஓடுமா? 5-இன் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுமா? பதில் கிடைத்தால் ரேமுக்கு முன்னால் அதைப் போடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள், என் 2 ஜிபியாவது மிஞ்சும்.