திறந்தவெளி நடையும் மூடிய அரங்கும் ஒன்றல்ல

"பூங்காவில் நடப்பதும் மூடிய அரங்கில் கூடியிருப்பதும் கொரோனாவைப் பொறுத்தவரை ஒரே அளவு ஆபத்தானவை" என்று 2020 முதல் பலவாறாகப் பகிரப்பட்ட செய்தி தவறானது.

மூச்சிலும் பேச்சிலும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமற்ற அறையில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகின்றன. வெளியிலோ காற்று அவற்றை விரைவில் கலைத்துவிடுகிறது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் கவுண்டியில், 61 பேர் ஓர் அறையில் இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தனர். அவர்களில் 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தனர். நோய் முதலில் பரவிய சீனாவின் ஹூபே மாகாணத்திற்கு வெளியே, அவ்வாண்டு ஜனவரி 4 முதல் பிப்ரவரி 11 வரை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பாதித்த 318 தொற்றுத் தொகுதிகளை (ஒன்றோடொன்று தொடர்புடைய தொற்றுகளின் கூட்டங்களை) ஆராய்ந்த சீன ஆய்வில் அவை அனைத்துமே உள்ளிடங்களில் நிகழ்ந்திருந்தன. வெளியிடத் தொற்றைத் தடம் காண்பது கடினம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

வெளியில் ஆபத்தே இல்லை என்பதும் சரியன்று. நெரிசலான திருவிழாவில் முகத்தோடு முகம் நெருங்கி நெடுநேரம் பேசினால் தொற்று பரவக்கூடும். நடைப்பயிற்சிக்குப் பல வீட்டார் ஒரே காரில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு செல்வதும், முடித்தபின் சிறிய உணவகத்தில் அடைந்து உட்காருவதும் நடையைவிடக் கூடுதல் ஆபத்து.

தனித்து வாழும் முதியவருக்கு இடைவெளி விட்டு நண்பரோடு நடக்கும் அரைமணி நேரத்தையும் இச்செய்தி பறித்தது என்பதே என் வருத்தம்.