கீபோர்டை யாரைக் கேட்டு மாத்துனீங்க?

போன் கம்பெனிக்காரங்க மறுபடியும் மாத்திட்டாங்க. ராத்திரி நாம தூங்குற நேரத்துல அப்டேட் தானா ஏறுது, விடிஞ்சு பார்த்தா கீபோர்டு வேற கீபோர்டா இருக்கு. கமா இருந்த இடத்துல ஒரு பொம்மை முகம். ஸ்பேஸ் பார் பாதியாச் சுருங்கி, மிச்ச இடத்துல மைக். மேல புதுசா ஒரு பட்டை. நான் ஒரு எழுத்து தட்டுறதுக்குள்ள முழு வாக்கியத்தை எடுத்து நீட்டுது. தமிழுக்குன்னே அமைச்ச தமிழ்99 கீபோர்டைத் தேடி இறக்கி, அதையே முதல்ல வர்ற மாதிரி வச்சு, வருஷக்கணக்கா விரலுக்குப் பழக்கி வச்சிருந்தேன். அதைத் தூக்கிக் கடைசியில போட்டுட்டு, கம்பெனிக்காரனோட சொந்தக் கீபோர்டு முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கு. மாத்தலாமான்னு ஒரு வார்த்தை கேட்கல. மாத்தினதுக்கு அப்புறமும் சொல்லல.

வேகமா டைப் அடிக்கிற யாரும் எழுத்தைத் தேடிப் பார்த்து அடிக்கிறதில்ல. ‘ழ’ எங்க இருக்குன்னு கேட்டா எனக்குச் சட்டுன்னு சொல்லத் தெரியாது. ஆனா விரல் நேரா அங்க போயிடும். அந்தப் பழக்கத்தை எந்தக் கம்பெனியும் பெட்டியில வச்சு எனக்கு விக்கல. நான் தப்பும் தவறுமா அடிச்சு அடிச்சுச் சம்பாதிச்சது அது. அதை ஒரு ராத்திரியில அழிக்கிற உரிமையை இவங்களுக்கு யார் குடுத்தா?

இந்தக் கொதிப்புக்குக் காரணம் வெறும் கமா இல்ல. என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

பஸ்ல நிக்கிறேன். வலது கை மேல கம்பியில. தோள்ல பை. இடது கையில போன். கீழ் வீட்டுப் பெரியவர்கிட்ட இருந்து மெசேஜ்: ‘மோட்டார் ரொம்ப நேரமா ஓடுது தம்பி, போதுமா? அணைச்சிடவா?’ அவருக்குக் காது மந்தம், போன் பண்ணினா கேட்காது. எழுதினாத்தான் ஆகும். முட்டி வலி, மாடி ஏறித் தொட்டியை எட்டிப் பார்க்கவும் முடியாது. அதனாலதான் என்கிட்ட கேட்கிறார். நான் பதிலுக்கு அனுப்ப வேண்டியது ஒரே ஒரு சொல்: ‘அணைச்சிடுங்க.’ அவ்வளவுதான்.

முதல்ல போன் திறக்கணும். கைரேகை வைக்கிற இடம் கண்ணாடிக்கு அடியில. மே மாசம், விரலெல்லாம் வேர்வை. ‘மறுபடி முயலவும்.’ துடைச்சுட்டு வச்சேன். ‘மறுபடி முயலவும்.’ சரின்னு எண்ணைத் தட்டித் திறந்தேன். மெசேஜுக்குள்ள போனேன். எழுதுற கட்டம் எங்க இருக்கு? போனோட அடிமட்டத்துல. அங்க விரல் எட்டணும்னா கையைக் கீழ இறக்கிப் பிடிக்கணும். கீழ பிடிச்சா மேல்பாதி கனத்துல போன் முன்னாடி சாயுது. சாயாம இருக்க சுண்டுவிரலை அடியில முட்டுக் குடுத்தேன். ஒத்தைக் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

தட்டினேன். இங்கிலீஷ் கீபோர்டு திறந்துச்சு. மொழி மாத்துற பொத்தான் நேத்து வரைக்கும் இருந்த இடத்துல தட்டினா, பொம்மைப் படங்களா ஒரு பக்கம் விரிஞ்சுது. அதை மூடத் திரையோட ஓரத்துல இருந்து விரலை இழுத்தேன். கீபோர்டு மூடல, மெசேஜே மூடிக்கிச்சு. மறுபடி உள்ள போய், தமிழைப் பிடிச்சு, ‘அ’ போட்டேன். வந்துச்சு. ‘ண’ போட்டேன், ‘ன’ விழுந்துச்சு. அழிச்சு மறுபடி ‘ண’ போட்டு, ஐகாரக் குறியைத் தேடிக் கண்டுபிடிச்சு வச்சேன். ‘அணை’ வரைக்கும் வந்தாச்சு. ‘ச’ மேல விரலை வைக்கப் போற நேரத்துல மேல இருந்த பட்டை கொஞ்சம் கீழ இறங்கி வந்து, என் விரல் அதுல பட்டு, ‘அணைக்கட்டு’ன்னு தானா விழுந்துச்சு!

எனக்கு அணைக்கட்டு எதுக்குடா? நான் மோட்டாரை அணைக்கச் சொல்றேன்!

அழிக்கப் போனேன். பஸ் குலுங்கிச்சு, சுருங்கிப் போன ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துல இருந்த மைக் மேல விரல் விழுந்துச்சு. அதே நேரம் கண்டக்டர் சத்தம் போட்டார்: ‘உள்ள போங்க, உள்ள போங்க.’ மைக் அதை அட்சரம் பிசகாம வாங்கிக்கிச்சு. டிரைவர் பிரேக் போட்டார். என் கட்டைவிரல் போய் அனுப்புற பொத்தான்ல இடிச்சுது. பெரியவருக்குப் போய்ச் சேர்ந்த பதில்: ‘அணைக்கட்டு உள்ள போங்க உள்ள போங்க.’

அவர் கேட்கிறார்: ‘எந்த அணைக்கட்டு தம்பி? எங்க போகணும்?’

அதுக்குள்ள தொட்டி நிரம்பி வழிஞ்சு தண்ணி தெருவுக்கு ஓடிடுச்சு. கோடையில லாரித் தண்ணிக்குக் குடத்தோட வரிசையில நிக்கிற ஊர் இது. தண்ணி போனதைக்கூட விடுங்க. எனக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு பயந்துபோய், தண்ணி வழியிறதைப் பார்த்து, அந்த மனுஷன் முட்டி வலியோட ஒவ்வொரு படியா மாடி ஏறியிருக்கார். இதைத்தான் என்னால பொறுக்க முடியல. ஒரு வயசானவரைப் படி ஏற வச்சது ஒரு கீபோர்டு.

தமிழ்99-ல அந்தச் சொல்லுக்குப் பத்தே தட்டு: அ, ண, ஐ, ச, ச, இ, ட, உ, ங, க. முடிஞ்சுது. புள்ளியை நான் வைக்கவே வேண்டாம். ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். ங-வுக்கு அடுத்து க வந்தா ங்க, ஞ-வுக்கு அடுத்து ச வந்தா ஞ்ச, அதுவும் தானாவே. உயிரெழுத்து எல்லாம் இடது பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம், ரெண்டு கட்டைவிரலும் மாறி மாறி ஓடும். தமிழ்ல எந்த எழுத்துக்குப் பின்னால எந்த எழுத்து வரும்னு தெரிஞ்சவங்க உட்கார்ந்து யோசிச்ச வேலை அது. 1999-லயே தமிழக அரசு தரமா அறிவிச்சாச்சு. 2005-லயே முத்து நெடுமாறன் செல்லினம்ங்கிற செயலியைக் கொண்டுவந்து, தம்மாத்துண்டு திரை இருந்த பொத்தான் போன்லயே தமிழ்ல மெசேஜ் அனுப்ப வழி பண்ணிக் குடுத்துட்டார். இத்தனையும் நடந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறம், கம்பெனிக்காரனோட கீபோர்டுல ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாத் தட்டணும், ‘ங’ வேணும்னா ஷிஃப்ட் போட்டு அடுத்த பக்கம் போகணும். தமிழ் பேசுற யாராவது ஒருத்தர் கையில குடுத்து நாலு வரி அடிச்சுப் பாருங்கன்னு இவங்க சொல்லியிருந்தா இது கடைக்கே வந்திருக்காது.

அடுத்தது போனோட உருவம். கடையில கேட்டா ‘பெரிய டிஸ்பிளே சார், 6.7 இன்ச், டைப் பண்ண வசதியா இருக்கும்’ங்கிறாங்க. அந்த இன்ச்சு குறுக்குவாட்டுல மூலைக்கு மூலை அளக்குறது. ஸ்கேலை எடுத்து அகலத்தை அளந்து பாருங்க. பழைய 16:9 திரை (நீளம் 16 பங்குன்னா அகலம் 9 பங்கு), 5.5 இன்ச்சு, 2014-ல வந்த ஐபோன் 6 பிளஸ் மாதிரி, அதோட அகலம் ஏறக்குறைய 6.85 சென்டிமீட்டர். இப்போ விக்கிற 20:9 திரை, 6.7 இன்ச்சு, அதோட அகலம் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் கூடியிருக்கு! நீளம் மட்டும் 12-ல இருந்து பதினஞ்சரை சென்டிமீட்டருக்கு ஏறிடுச்சு. கீபோர்டுக்கு வேண்டியது அகலம். கட்டைவிரலுக்கு எட்டாதது நீளம். எது வேணுமோ அதைக் குடுக்காம, எது இம்சையோ அதை வளர்த்து, அதுக்குப் பேரு வசதியாம்.

இங்கிலீஷ்ல மேல் வரிசைக்குப் பத்து எழுத்து, ஒரு கட்டத்துக்கு 7 மில்லிமீட்டர் கிடைக்கும். தமிழ்99-ல மேல் வரிசைக்குப் பன்னிரண்டு. கட்டத்துக்கு 6 மில்லிமீட்டர்கூட இல்ல. என் கட்டைவிரல் அதைவிட அகலம். உங்களோடதும்தான். தமிழ்ல எழுதுறவனுக்குத்தான் அகலம் கூட வேணும், அவனுக்குத்தான் கம்மியா வந்து சேருது. இதை எந்த ரிவ்யூவுலயாவது யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா? கேமராவுக்குக் கால் மணி நேரம், கேம் ஓடுறதுக்குக் கால் மணி நேரம், பெட்டி பிரிக்கிறதுக்குக் கால் மணி நேரம். தமிழ்லயே பேசுற சானல்லகூட, அந்த போன்ல தமிழ்ல ஒரு வரி அடிச்சுக் காட்ட ஒருத்தருக்கும் தோணல.

பின்னாடியும் கண்ணாடி, முன்னாடியும் கண்ணாடி, ஓரமும் வளைஞ்ச கண்ணாடி. வேர்த்த கையில விலாங்கு மீனா நழுவுது. இறுக்கிப் பிடிச்சா உள்ளங்கை ஓரத்துல பட்டு கர்சர் எங்கயோ தாவுது. மேசையில வச்சு அடிக்கலாம்னா, பின்னாடி ஒரு மூலையில மட்டும் கேமரா புடைச்சுக்கிட்டு நிக்குது, ஒவ்வொரு எழுத்துக்கும் போன் டக்கு டக்குன்னு ஆடுது. விலை என்னவோ ஒரு மாசச் சம்பளம், மேசையில அசையாம கிடக்கத் தெரியல. இதுக்கெல்லாம் பரிகாரமா உறை போடுங்கங்கிறான். போட்டா இன்னும் தடிமன், இன்னும் கனம், ஓரத்து எழுத்துகளை உறையோட விளிம்பு மறைக்குது. ‘பிரீமியம் ஃபினிஷ்’னு காசு வாங்கினது எதுக்கு, ரப்பர் உறைக்குள்ள போட்டு மூடறதுக்கா?

2003-ல வந்த நோக்கியா 1100 ஞாபகம் இருக்கா? நூறு கிராம்கூட இல்ல. பக்கவாட்டுல பிடிமானத்துக்குன்னே சொரசொரப்பு. தூசி உள்ள போகாம பொத்தான் எல்லாம் ஒரே தகடா மூடியிருக்கும். நம்ம மாதிரி புழுதியும் வேர்வையும் உள்ள ஊர்க்காரங்களை மனசுல வச்சுச் செஞ்ச போன் அது, அதனாலதான் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்துச்சு. பாக்கெட்டுக்குள்ள கைவிட்டு, பார்க்காமலே மெசேஜ் அடிச்ச தலைமுறை நாம. அஞ்சாம் நம்பர் பொத்தான்ல ஒரு சின்ன மேடு இருக்கும், கண்ணில்லாதவங்களுக்கும் அது வழி சொல்லும். கண்ணாடியில எந்த மேட்டைத் தடவுறது? பிளாக்பெர்ரின்னு ஒண்ணு இருந்துச்சு, எழுதுறதுக்குன்னே செஞ்ச போன். 2022 ஜனவரி 4-ஆம் தேதியோட அந்தப் பழைய போன்களுக்கான சேவையையும் நிறுத்தியாச்சு. இப்போ கடைக்குப் போனா எல்லாக் கம்பெனியும் ஒரே கண்ணாடிப் பலகையைத்தான் வேற வேற பேர்ல எடுத்து வைக்கிறான்.

எனக்கு நூறு மடங்கு ஜூம் வேண்டாம். நிலாவைப் படம் எடுக்க நான் போன் வாங்கல. கையில நிக்கிற போன் வேணும். நான் வச்ச கீபோர்டு நான் வச்ச இடத்துல இருக்கணும். அப்டேட் வந்தா ‘இதை மாத்தப் போறோம், சம்மதமா’ன்னு தமிழ்ல கேட்கணும், வேண்டாம்னு சொன்னா மாத்தாம இருக்கணும். இதுல எது பேராசை?

இப்போ இந்த வியாதி அடுப்படிக்கும் வந்தாச்சு. கரண்டு அடுப்புல திருகு எடுத்துட்டாங்க, பொத்தானும் எடுத்துட்டாங்க, வழுவழுன்னு கண்ணாடி மேல தொடச் சொல்றாங்க. தொடுதிரைக்கு விரலும் தண்ணியும் ஒண்ணுதான், ரெண்டுலயும் மின்சாரம் பாயும், ஒரு சொட்டு சிந்தினா அதையே விரல்னு நினைச்சுக் குழம்பிடும். அடுப்படியில ஈரம் இல்லாத கை யாருக்கு இருக்கு? இன்னைக்குக் காலையில பால் பொங்கி வருது, நான் ஈரக் கையால அந்தக் கண்ணாடியைத் தட்டோ தட்டுன்னு தட்டுறேன், சூடு குறையல, கூடுது. டேய், அடுப்புல ஒரு திருகு வைக்க உங்களுக்கு என்னடா கேடு?