கொட்டிவிட்ட ரப்பர் பால்

ஞாயிறு ராத்திரி 'எம்பிரேஸ் ஆஃப் த செர்பென்ட்' பார்த்தேன். சிரோ கெர்ரா இயக்கி 2015இல் வந்த கொலம்பியப் படம். அமேசான் காட்டைப் போய் எவனாவது கறுப்பு வெள்ளையில் எடுப்பானா என்ற கடுப்போடுதான் உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்தில் கடுப்பு போய்விட்டது. பச்சை இருந்திருந்தால் சுற்றுலா விளம்பரம் பார்க்கிற மாதிரி காட்டை வேடிக்கை பார்த்திருப்பேன். ஆறு, மரம், மனுஷன் முதுகு எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கும்போது கண் வேறு வழியில்லாமல் முகங்களுக்குப் போகிறது.

தன் இனத்தில் தான் ஒருத்தன்தான் மிச்சம் என்று நம்புகிற வைத்தியர் கரமகாத்தே. 1909இல் ஒரு ஜெர்மன்காரர், 1940இல் ஒரு அமெரிக்கர், இருவரும் யக்ருணா என்ற செடியைக் கேட்டு அவரிடம் வருகிறார்கள். செடி கற்பனை, ஆனால் கோக் குருன்பெர்க், ஷுல்டஸ் என்ற இரண்டு நிஜ ஆய்வாளர்களின் குறிப்புகளிலிருந்து பிறந்த கதை.

எல்லோரும் திசைகாட்டி காட்சியைப் புகழ்கிறார்கள். நியாயம்தான். கிராமத்துக்காரர்கள் திசைகாட்டியை வைத்துக்கொள்ள, காற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்து வழி அறிகிற வித்தை அழிந்துவிடுமே என்று ஜெர்மன்காரர் பதறுகிறார். அறிவு எல்லோருக்கும் சொந்தம், அதை நீ தடுக்க முடியாது என்கிறார் கரமகாத்தே. பழங்குடி என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுகிற நம்மவர்களுக்கும் அந்த அடி விழும்.

என்னைத் தூங்கவிடாதது வேறு காட்சி. ரப்பர் மரங்களில் கட்டியிருக்கும் பாத்திரங்களின் பாலை, ஜெர்மன்காரரோடு வரும் பூர்வகுடி ஆள் மந்தூக்கா ஆத்திரத்தில் கொட்டிவிடுகிறார். ஒரு கை இல்லாத, உடம்பெல்லாம் தழும்பான கூலி ஒருவர் ஓடி வருகிறார். கொட்டிய பாலைப் பார்த்துக் கதறி, என்னைக் கொன்றுவிடு என்று கெஞ்சுகிறார். முதலாளி யாரும் திரையில் இல்லை, சாட்டை இல்லை. அமேசான் காட்டின் புட்டுமாயோ பகுதியில் ரப்பர் கம்பெனிக்காரர்கள் பூர்வகுடிகளை எப்படி வதைத்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் படித்தபோது வராத நடுக்கம் இதில் வந்தது.

அந்த மரத்தின் விதையை 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும். அப்புறம் பால் வெட்டக் கப்பலேற்றியது நம் ஆட்களை. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் ஷுல்டஸை மறுபடி அமேசானில் ரப்பர் தேடச் சொன்னது அமெரிக்க அரசு. படத்தின் அமெரிக்கருக்கும் செடியைவிட ரப்பர்தான் முக்கியம் என்று பின்னால்தான் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. தன்னை மேசியா என்று சொல்லிக்கொள்பவன் வரும் பகுதி ஒரே கூச்சல். கடைசியில் திடீரென்று கலர் வருவது எனக்கு ஒட்டவே இல்லை. சப்டைட்டிலை நம்பினால் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்றே பிடிபடாது, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

அம்மா பதினைந்து வயது வரை மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் வளர்ந்தவர். மறுநாள் அந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். அந்த ஆள் அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "உறையறதுக்குள்ள அள்ளணும்டா, அள்ளச் சொல்லு" என்றார்.