நாவல்தான் முந்தியது என்பது சரியல்ல

அண்ணே, "ஃபென்டாஸ்டிக் வாயேஜ் படம் அசிமோவ் நாவலிலிருந்து எடுத்தது, நல்ல கதையைப் படக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தலைகீழ். திரைக்கதைதான் முதலில் வந்தது. அதை வைத்துத்தான் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ் நாவல் எழுதினார்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டுமே 1966-இல் வந்தவை. அவர் வேகமாக எழுதி முடித்துவிட்டார், படம் தாமதமானது. அதனால் புத்தகம் முன்னால் கடைக்கு வந்துவிட்டது. யாங்கூன் பன்சோடான் தெருவில் நடைபாதைக் கடையில் நான் வாங்கிய பழைய பிரதி இப்போது கையில் இருக்கிறது. அட்டை நைந்துவிட்டது, ஆனாலும் ஹாரி கிளெய்னரின் திரைக்கதையைத் தழுவியது என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது.

அப்புறம், கெடுத்தார்கள் என்பதும் பொருந்தாது. படத்தில் இருந்த ஓட்டையை அசிமோவ் அடைத்தார் என்பதே உண்மை. கதையில் ஆட்களோடு ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, ஒரு நோயாளியின் உடலுக்குள் அனுப்புகிறார்கள். அது 60 நிமிடத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். படத்தில் நோயாளியின் இரத்தத்திலுள்ள வெள்ளை அணு அதை விழுங்கிவிடுகிறது. ஆட்கள் மட்டும் கண் வழியாகத் தப்பி வருகிறார்கள். உள்ளே கிடக்கும் கப்பல் பெரிதானால் நோயாளி கதி என்ன? அசிமோவுக்கு இது பொறுக்கவில்லை. நாவலில் அந்த வெள்ளை அணுவையே ஆட்களைப் பின்தொடர வைத்து, கப்பல் சிதைவோடு கண்ணீர்த் துளிக்குள் வெளியே கொண்டுவருகிறார். எனக்கு அந்த நாவலில் மிகப் பிடித்த இடமே அதுதான்.

படத்தின் காட்சியழகு தனி, அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. எது முதலில் வந்தது என்பதை மட்டும் பதிவில் திருத்திவிடுங்கள் அண்ணே.