சுவரைத் தாண்டாத அலைக்குத் தாராளம், தாண்டும் அலைக்குக் கஞ்சத்தனம்

அலைக்கற்றை என்றாலே நமக்கு ஏலமும் 2ஜி வழக்கும்தான் நினைவுக்கு வரும். நான் புலம்ப வந்தது ஏலமே போடாத அலைக்கற்றையைப் பற்றி. வைஃபை, புளூடூத் எல்லாம் ஓடுவது அதில்தான். யாரும் உரிமம் வாங்க வேண்டாம். கருவி விதிப்படி இருந்தால் போதும்.

நான் இருப்பது ஜெர்மனியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். சாயங்காலம் கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று முடிவே இல்லாமல் வரும். எல்லாரும் ஒரே குறுகலான தெருவில் வண்டி ஓட்டுகிறோம். அதற்காகத்தான் 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 5945 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 480 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிட்டது. அமெரிக்கா 2020 ஏப்ரலிலேயே 5925 முதல் 7125 வரை, மொத்தம் 1200 மெகாஹெர்ட்ஸையும் திறந்தாயிற்று. வைஃபையின் புதிய தலைமுறையான வைஃபை 7 முழு வேகத்தில் ஓட 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அங்கே அப்படி மூன்று தடங்கள் கிடைக்கும். இங்கே ஒன்றே ஒன்று. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டால்? சரி, மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியதுதான்.

மீதியையும் தருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 2023 இறுதியில் துபாயில் நடந்த உலக வானொலி மாநாடு 6425 முதல் 7125 வரையுள்ள அந்த மேல்பகுதியை இந்தப் பக்கத்து நாடுகளில் செல்பேசிச் சேவைக்கு அடையாளம் காட்டியது. 2025 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளின் அலைக்கற்றைக் கொள்கைக் குழு சொன்ன கருத்தும் அதே திசையில்தான்: 6585 முதல் 7125 வரை 540 மெகாஹெர்ட்ஸ் செல்பேசிக்கு முன்னுரிமை, நடுவில் தொங்கும் 160 மெகாஹெர்ட்ஸைப் பற்றி 2027 மாநாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

ஐரோப்பாவுக்கு உரிமமில்லா அலைக்கற்றை என்றாலே பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. 57 முதல் 71 கிகாஹெர்ட்ஸ் வரை இங்கேயும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 14,000 மெகாஹெர்ட்ஸ்! ஆற்றலிலும் தாராளம்: ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்துப் பத்து வாட் வரை. 6 கிகாஹெர்ட்ஸில் வீட்டுக்குள் 200 மில்லிவாட்தான். ஏன் இந்தக் கருணை? 60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்குகிறது, கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல். வீட்டுக்குள் அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை; சுவர்தான் எமன். சில வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு 60 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்று வாங்கினேன். அதே மேசையில் பறக்கும். நான் எழுந்து குறுக்கே நின்றால் போச்சு. யாருக்கும் வேண்டாத இடம் என்பதால் வாரிக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (அதையும் கொடுக்காத நாடு உண்டு. 2019இல் வந்த பிக்சல் 4 போனுக்குள் 60 கிகாஹெர்ட்ஸில் ஓடும் குட்டி ரேடார் இருந்தது. இந்தியாவில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை, போனே அங்கே விற்பனைக்கு வரவில்லை.)

திறந்துவிட்டால் குழப்பம் வரும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வைஃபை ஏற்கெனவே ஓடும் 5 கிகாஹெர்ட்ஸில் அதைப் பார்த்தோம். வானிலை ரேடார்களும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. எங்கோ ஒரு மாடியில் தப்பாக அமைத்த வைஃபை ஆன்டெனா இருந்தால், ரேடார் படத்தில் மழையே இல்லாத இடத்தில் ஒரு கோடு நீளும். அதனால்தான் 5600 முதல் 5650 வரையுள்ள தடத்துக்குப் போகும் ரவுட்டர், பேசத் தொடங்கும்முன் பத்து நிமிடம் வாய் மூடிக் காது கொடுக்க வேண்டும். மறுதொடக்கம் செய்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸைக் காணோமே என்று முழித்தவர்களுக்கு, காரணம் பெரும்பாலும் இதுதான். உரிமம் இல்லை என்பதால் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தமில்லை.

செல்பேசி நிறுவனங்கள் 6ஜிக்கு இடம் கேட்கின்றன. கேட்கட்டும். அவர்கள் கேட்டால் கருவூலத்துக்கும் காது கேட்கும். 2000ஆம் ஆண்டு ஜெர்மனி 3ஜி ஏலத்தில் அள்ளியது 5000 கோடி யூரோவுக்கு மேல். வைஃபை யாருக்கும் பில் போடுவதில்லை, ஆகவே அரசின் வரவுக் கணக்கில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அந்த 6ஜி அலையும் கோபுரத்திலிருந்து கிளம்பி என் கான்கிரீட் சுவரைத் துளைத்துத்தான் உள்ளே வர வேண்டும். நான் போனில் படம் பார்ப்பது சோபாவில், நடுத்தெருவில் இல்லை. பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2025இல் முன்வைத்தது இதைவிடப் புத்தியான வழி: வீட்டுக்குள் குறைந்த ஆற்றலில் வைஃபை, வெளியே செல்பேசி, ஒரே அலைக்கற்றையைப் பங்கிட்டுக்கொள்வது.

பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையத்துக்கு அந்த அளவுக்கு மனசு வராது என்று தெரிகிறது. அந்த 160 மெகாஹெர்ட்ஸையாவது இப்போதே கொடுங்கள். 480 உடன் சேர்த்தால் 640. 320 அகலத் தடம் இரண்டு: எனக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று.